ஹைட்ரா இல்லாமலேயே நடந்த கதை

சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றியெல்லாம் இங்கே எழுத வேண்டுமா என்று சில தோழர்கள் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும் என்று நினைக்கிறோம். 2014-இல் வெளியான 'கேப்டன் அமெரிக்கா: தி விண்டர் சோல்ஜர்' உலகம் முழுக்க 70 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. ஓர் அரசு தன் மக்களையே வேவு பார்ப்பது பற்றி எழுதப்பட்ட எத்தனையோ நல்ல புத்தகங்கள் எட்டாத இடத்தை அந்தப் படம் எட்டியது. நம்மில் பலர் அதைப் பார்த்துக் கைதட்டியவர்கள்தான். அது எந்தக் கேள்வியை எழுப்பியது, எந்த இடத்தில் அந்தக் கேள்வியைக் கைவிட்டது என்று பேசுவது வீண் வேலை ஆகாது.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தப் படத்தின் முதல் பாதி, மார்வெல் எடுத்தவற்றிலேயே அரசியல் துணிச்சல் மிக்கது. இரண்டாம் பாதியில் அந்தத் துணிச்சலைப் படமே விழுங்கிவிடுகிறது. "இப்படி ஓர் ஆயுதம் இருக்கலாமா?" என்று தொடங்கிய கதை, "இந்த ஆயுதம் யார் கையில் இருக்கிறது?" என்ற எளிய கேள்விக்கு மாறிக்கொள்கிறது. இரண்டும் ஒரே கேள்வி போலத் தோன்றும். அமெரிக்காவின் சொந்த வரலாற்றை எடுத்து வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

எழுபதுகளின் பயம்

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். இரண்டாம் உலகப்போரில் பனிக்குள் உறைந்துபோய், எழுபது ஆண்டுகள் கழித்துக் கண்விழித்த சிப்பாய் ஸ்டீவ் ரோஜர்ஸ். இப்போது ஷீல்ட் என்ற உளவு அமைப்புக்காக வேலை செய்கிறார். அமைப்பின் இயக்குநர் நிக் ஃப்யூரி ஒருநாள் அவரைத் தலைமையகத்தின் அடித்தளத்துக்கு அழைத்துப்போய் மூன்று ராட்சதப் பறக்கும் போர்க்கப்பல்களைக் காட்டுகிறார். 'இன்சைட்' திட்டம். செயற்கைக்கோளோடு இணைந்து, வானிலேயே நின்றபடி, ஆபத்தானவர்கள் என்று கணிக்கப்பட்டவர்களை அவர்கள் எதுவும் செய்வதற்கு முன்பே சுட்டு வீழ்த்தும். ஸ்டீவ் அங்கேயே மறுத்துப் பேசுகிறார். தண்டனை என்பது குற்றத்துக்குப் பிறகுதானே வர வேண்டும் என்பது அவர் வாதம். எல்லோர் தலையிலும் துப்பாக்கியை வைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவதை அவரால் ஏற்க முடியவில்லை. இரண்டே நாளில் ஃப்யூரி சுடப்படுகிறார். ஸ்டீவ் தேடப்படும் குற்றவாளி ஆகிறார். நேற்றுவரை கூட வேலை பார்த்தவர்களே லிஃப்டுக்குள் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள்.

இந்த அச்சத்துக்கு ஒரு முன்கதை உண்டு. எழுபதுகளில் ஹாலிவுட் வரிசையாக இப்படிப்பட்ட படங்களை எடுத்தது. 1974-இல் 'தி கான்வர்சேஷன்', 'தி பேரலாக்ஸ் வியூ'. 1975-இல் 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டர்'. வாட்டர்கேட் ஊழலால் நிக்ஸன் பதவி விலகிய காலம் அது. சி.ஐ.ஏ.வும் எஃப்.பி.ஐ.யும் சொந்த நாட்டு மக்களை வேவு பார்த்த கதைகளை, செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான குழு 1975-இல் தோண்டியெடுத்தது. யாரையும் நம்ப முடியாது என்ற அந்தப் படங்களின் பயம் செய்தித்தாளிலிருந்து வந்தது.

'காண்டர்' படத்தில் சி.ஐ.ஏ.வுக்காகப் புத்தகம் படிக்கும் ஓர் எளிய ஊழியராக ராபர்ட் ரெட்ஃபோர்ட் நடித்தார். மதிய உணவு வாங்கப் போய்த் திரும்பும்போது அலுவலகத்தில் அத்தனை பேரும் பிணம். கொன்றது தன் அமைப்புக்குள் இருப்பவர்களே என்று மெல்லத் தெரியவரும். 1976-இல் அதே ரெட்ஃபோர்ட், 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' படத்தில் வாட்டர்கேட்டை வெளிக்கொண்டுவந்த செய்தியாளராக நடித்தார். அந்தோனி ருஸ்ஸோ, ஜோ ருஸ்ஸோ என்ற இயக்குநர்ச் சகோதரர்கள் 2014-இல் அதே நடிகரைக் கூட்டிவந்து அலெக்சாண்டர் பியர்ஸ் ஆக்கினார்கள். அன்று அரசின் பொய்யிலிருந்து ஓடித் தப்பித்த முகம், இன்று கோட்டு சூட்டோடு மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து அந்தப் பொய்யை நடத்துகிறது. நடிகர் தேர்வு ஒன்றிலேயே இவ்வளவு சொன்னதற்காக இயக்குநர்களைப் பாராட்டலாம்.

நிஜம் துரத்திவந்த படம்

ஒபாமா நிர்வாகத்தின் கொலைப்பட்டியலும் டிரோன் தாக்குதல்களுமே தங்களை இந்தக் கதைக்குத் தூண்டின என்று ருஸ்ஸோ சகோதரர்கள் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பட்டியல் கற்பனை கிடையாது. யாரைக் கொல்வது என்று வெள்ளை மாளிகையில் கூடிப் பெயர்களை அலசும் வழக்கத்தை 2012 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2011 செப்டம்பரில், ஏமனில் அன்வர் அல் அவ்லாகி என்ற அமெரிக்கக் குடிமகன் டிரோனால் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தாக்குதலில் அவருடைய 16 வயது மகனும் செத்தான். அவனும் அமெரிக்கக் குடிமகன். நீதிமன்றம், குற்றப்பத்திரிகை, சாட்சி எதுவும் இல்லை.

2013 ஜூனில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்பட்டார். என்.எஸ்.ஏ. என்ற அமெரிக்க உளவு நிறுவனம் கோடிக்கணக்கானோரின் தொலைபேசிப் பதிவுகளைச் சேமிக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. படம் வெளியான அதே 2014-இல், என்.எஸ்.ஏ.வுக்கும் சி.ஐ.ஏ.வுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹைடன், மெட்டாடேட்டாவை வைத்தே ஆட்களைக் கொல்கிறோம் என்று ஒரு பொதுமேடையிலேயே ஒப்புக்கொண்டார். யார் யாருக்குப் பேசினார், எப்போது, எவ்வளவு நேரம், எங்கிருந்து என்ற விவரங்களே மெட்டாடேட்டா. பேசியது என்ன என்றுகூடக் கேட்கத் தேவையில்லை.

படத்தில் இந்த வேலையைச் செய்வது ஆர்னிம் ஸோலா என்ற நாஜி விஞ்ஞானி எழுதிய கணிப்புநிரல். வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு, யாருக்கு ஓட்டுப்போட்டார், மின்னஞ்சல், பள்ளி மதிப்பெண் எல்லாவற்றையும் விழுங்கி, ஒருவரின் கடந்த காலத்திலிருந்து அவருடைய எதிர்காலத்தைக் கணிக்கும். கெய்ரோவில் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர், அயோவாவில் நன்றாகப் படிக்கும் ஒரு பள்ளிப் பிள்ளை என்று அதன் இலக்குகளை ஒருவர் பயந்துகொண்டே அடுக்குவார். இன்று தொல்லை தருபவர்கள் மட்டுமல்லாமல், நாளை தரக்கூடியவர்களும் பட்டியலில் உண்டு. 700 கோடிப் பேருக்கு ஒழுங்கு வேண்டுமென்றால் 2 கோடிப் பேர் போனால் என்ன என்பதே பியர்ஸின் கணக்கு.

இதுவரை படத்தோடு நமக்குச் சண்டை எதுவும் இல்லை.

ஹைட்ரா என்னும் வசதி

சிக்கல் நியூஜெர்சியில் இருக்கும் அந்தப் பழைய ராணுவ முகாமின் நிலவறையில் தொடங்குகிறது. அங்கேதான் உண்மை தெரியவருகிறது. போருக்குப் பிறகு அமெரிக்கா தன் பக்கம் சேர்த்துக்கொண்ட ஸோலா, ஷீல்டுக்குள்ளேயே ஹைட்ரா என்ற நாஜி வழிவந்த அமைப்பை ரகசியமாக வளர்த்திருக்கிறார். இன்சைட் திட்டமே அவர்களுடைய சதி.

இதில் பாதி வரலாறு இருக்கிறது. 'ஆபரேஷன் பேப்பர்கிளிப்' நிஜம். 1,600-க்கும் மேற்பட்ட ஜெர்மன் விஞ்ஞானிகளையும் பொறியாளர்களையும் அமெரிக்கா போருக்குப் பிறகு அழைத்துவந்தது. அடிமைத் தொழிலாளர்கள் செத்து விழுந்த ஏவுகணைத் திட்டத்தை நடத்திய வெர்னர் ஃபான் பிரவுன் பின்னாளில் நாசாவின் நாயகன் ஆனார். அவர்கள் ஒளிந்து நுழையவில்லை. அரசு தெரிந்தே அழைத்து, கோப்புகளைத் துடைத்து, வேலை கொடுத்தது. படமோ இதைத் திருப்பிப் போடுகிறது. நல்ல அமைப்பு ஏமாந்துபோனது, கெட்டவர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள் என்கிறது.

அந்த நிமிடத்திலிருந்து பார்வையாளருக்கு நிம்மதி. யாரை அடிப்பது என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஃப்யூரி அந்தக் கப்பல்களைப் பெருமையோடு காட்டியபோது அவருக்கு ஹைட்ரா பற்றித் தெரியாது. ஸ்டீவ் எதிர்த்தபோது அவருக்கும் தெரியாது. அந்த எதிர்ப்பு கப்பல்களுக்கே எதிரானது. நாஜிகள் இல்லாவிட்டாலும் அந்த வாதம் அப்படியே நிற்கும். படம் அதைத் தொடர்ந்திருந்தால் ஃப்யூரியை, அவரை நம்பிப் பணம் ஒதுக்கியவர்களை, சட்டப்படியே கையெழுத்துப் போட்டவர்களை நோக்கிப் போயிருக்க வேண்டும். அங்கே போகாமல் தப்பிக்கவே ஹைட்ரா உதவுகிறது.

அமெரிக்காவின் நிஜக் கதையில் ஹைட்ரா இல்லை. எஃப்.பி.ஐ. 1956-இல் 'கோயின்டெல்ப்ரோ' என்ற ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் கம்யூனிஸ்டுகள் இலக்கு. பிறகு கறுப்பின மக்களின் இயக்கங்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க 1963-இல் அனுமதி கொடுத்தவர் எந்த நாஜியும் இல்லை. தாராளவாதிகளின் செல்லப்பிள்ளையான அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி. 1964-இல் கிங்குக்குப் பெயரில்லாத ஒரு கடிதமும் ஒலிநாடாவும் வந்தன. தற்கொலை செய்துகொள் என்று தூண்டும் கடிதம். அனுப்பியது எஃப்.பி.ஐ. 1968 மார்ச்சில் அதன் இயக்குநர் எட்கர் ஹூவரின் அலுவலகத்திலிருந்து போன சுற்றறிக்கை, கறுப்பின மக்களை ஒன்றுதிரட்டக்கூடிய ஒரு மீட்பர் உருவாவதையே தடுக்க வேண்டும் என்று குறி வைத்தது.

இனிமேல் வரக்கூடிய தலைவரை வருவதற்கு முன்பே தடுப்பது. ஸோலாவின் கணிப்புநிரல் செய்வதும் இதைத்தானே? இதற்குக் கணினிகூடத் தேவைப்படவில்லை. தட்டச்சு இயந்திரமும் தபாலும் போதுமாக இருந்தன.

1969 டிசம்பர் 4, விடிவதற்கு முன், சிகாகோவில் பிளாக் பாந்தர் கட்சித் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டன் தன் படுக்கையிலேயே காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. அவருடன் மார்க் கிளார்க்கும் கொல்லப்பட்டார். வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தவர் ஹாம்ப்டனின் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த ஓர் உளவாளி. அன்று பாய்ந்த தோட்டாக்களில் ஒன்றே ஒன்றுதான் பாந்தர்கள் தரப்பிலிருந்து வந்தது என்று பிறகு கூட்டாட்சி விசாரணையில் தெரிந்தது. கூட இருப்பவனை நம்ப முடியாது என்பது திரைப்படங்களுக்குச் சுவையான பதற்றம். அந்த இயக்கத்தில் இருந்தவர்களுக்கு அது அன்றாடம்.

யாருக்கு இது புதுப் பயம்?

எழுபதுகளின் உளவுப் படங்களிலும் இந்தப் படத்திலும் நாயகர்கள் பெரும்பாலும் வெள்ளை ஆண்கள். நேற்றுவரை அமைப்பை நம்பியவர்கள். ஒருநாள் காலையில் அந்த அமைப்பே தங்களை வேட்டையாடுவதைக் கண்டு திடுக்கிடுகிறவர்கள். அந்தத் திடுக்கிடல்தான் கதை. பிறந்த நாள் முதல் சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறவர்களுக்கு அதில் திடுக்கிட என்ன இருக்கிறது?

படத்துக்கு இது ஓரளவு தெரியும். நிக் ஃப்யூரியாக நடித்த சாமுவேல் எல். ஜாக்சன் வாஷிங்டனில் விலையுயர்ந்த காரை ஓட்டிப் போகிறார். சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும் போலீஸ் கார். இரண்டு காவலர்கள் அவரை முறைக்கிறார்கள். காருக்கான காகிதத்தைப் பார்க்க வேண்டுமா என்பதுபோல அவர் ஒரு கிண்டல் செய்கிறார். உலகின் மிகப்பெரிய உளவு அமைப்பின் தலைவரே ஆனாலும் அந்த முறைப்புக்கு அவர் தோல் மட்டுமே தெரிகிறது. சில நொடிகளில் தாக்குதல் தொடங்கிவிடுகிறது, வந்தவர்கள் போலீஸ் வேடத்தில் வந்த கொலைகாரர்கள். கிண்டலும் கடந்துபோகிறது. கறுப்பின மக்களின் ஒரு பெரிய அனுபவம், ஒரு வரி நகைச்சுவையாக. ஏழு ஆண்டு கழித்து, 2021-இல் வந்த 'தி ஃபால்கன் அண்ட் தி விண்டர் சோல்ஜர்' தொடரில், பால்டிமோர் தெருவில் சாம் வில்சனை காவலர்கள் நிறுத்தும் காட்சியில்தான் மார்வெல் அந்த முறைப்பைச் சிரிக்காமல் பார்த்தது.

சாம் வில்சன் பாத்திரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. ஃபால்கன் காமிக்ஸில் முதலில் தோன்றியது 1969-இல், ஹாம்ப்டன் கொல்லப்பட்ட அதே ஆண்டில். அமெரிக்கப் பெருநிறுவனக் காமிக்ஸில் முதல் ஆப்பிரிக்க அமெரிக்க சூப்பர் ஹீரோ. படத்தில் அவர் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மனநல ஆலோசனை தருபவர். ஸ்டீவும் நடாஷாவும் ஒளிய இடமின்றி நிற்கும்போது கதவைத் திறந்துவிடுகிறார். ஏன் அவரால் அவ்வளவு எளிதாக நம்ப முடிந்தது, அரசு 'தேடப்படுகிறார்' என்று சொன்னதை ஏன் அவர் பொருட்படுத்தவில்லை என்று படம் கேட்டுப் பார்க்கவே இல்லை. நல்ல நண்பன் என்பதோடு முடித்துக்கொள்கிறது. அந்த ஒரு கேள்வியிலேயே வேறொரு படம் இருந்தது.

கணிப்புநிரல் பற்றியும் இதையே கேட்க வேண்டும். கடந்த காலத்திலிருந்து எதிர்காலம் என்றால், யாருடைய கடந்த காலம், யார் எழுதிவைத்தது? சிகாகோ காவல்துறை 2013 வாக்கில் தனி நபர்களுக்கு ஆபத்து மதிப்பெண் போட்டுப் பட்டியல் தயாரித்தது. பட்டியலில் இருந்த சிலரின் வீட்டுக் கதவைத் தட்டி, உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்று எச்சரித்தது. ராண்ட் நிறுவனத்தின் 2016 ஆய்வில் தெரிந்தது: பட்டியலில் இருந்தவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாவது குறையவில்லை, துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் அவர்கள் கைதாவதுதான் கூடியது. பின்னர் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு பகுதியில் மட்டும் போலீஸ் ரோந்து அதிகம் என்றால் அங்கே கைதுகள் அதிகம். கைதுகள் அதிகம் என்றால் பதிவுகள் அதிகம். பதிவுகள் அதிகம் என்றால் இயந்திரம் மறுபடி அங்கேயே போகச் சொல்லும். இதில் எந்தச் சதிகாரனும் ஒளிந்திருக்கத் தேவையில்லை. சமூகவியல் முதலாண்டு மாணவருக்கே புரியும் சுழற்சி.

படம் சரியாகச் சொன்ன இடம்

இவ்வளவு குறை சொன்னாலும் ஒரு காட்சிக்காக இந்தப் படத்தை மறுபடியும் பார்க்கச் சொல்வோம். ஸ்டீவ் தலைமையக ஒலிபெருக்கியில் எல்லா ஊழியர்களிடமும் உண்மையைப் போட்டு உடைக்கிறார். கட்டுப்பாட்டு அறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞரிடம் கப்பல்களை ஏவச் சொல்லித் துப்பாக்கியை நீட்டுகிறார் ஹைட்ரா ஆள். இளைஞர் நடுங்குகிறார். கண்ணீர் வராத குறை. ஆனாலும் மாட்டேன் என்கிறார். அவருக்குக் கவசம் இல்லை, இறக்கை இல்லை. அவர் மறுத்தும் கப்பல்கள் கிளம்பத்தான் செய்கின்றன. ஆனாலும் அந்தச் சில நொடிகளில்தான், பொத்தானை அழுத்தச் சம்பளம் வாங்கும் ஒரு சாதாரண மனிதர் இல்லாமல் எந்தக் கொலை இயந்திரமும் ஓடாது என்பதைப் படம் சொல்லிவிடுகிறது.

வரலாறு அவர் பக்கம்தான். 1971 மார்ச் 8 இரவு, பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் எஃப்.பி.ஐ. அலுவலகத்தின் பூட்டை உடைத்துக் கோப்புகளை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பியவர்கள் எட்டுப் பேர். இயற்பியல் பேராசிரியர் ஒருவர், குழந்தைகள் காப்பகம் நடத்தியவர் ஒருவர், டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் அவர்களில் அடக்கம். 'கோயின்டெல்ப்ரோ' என்ற சொல்லே அந்தக் கோப்புகளிலிருந்துதான் வெளியே வந்தது. எஃப்.பி.ஐ. அவர்களைக் கண்டுபிடிக்கவே இல்லை. 43 ஆண்டுகள் கழித்து, 2014 ஜனவரியில், அவர்களில் சிலர் தாங்களாகவே முன்வந்து பேசினார்கள். அடுத்த மூன்றாவது மாதம் இந்தப் படம் திரைக்கு வந்தது.

படத்தில் நடாஷா ஷீல்டின் ரகசியங்கள் அனைத்தையும், தன் சொந்தக் கடந்த காலத்தையும் சேர்த்தே, இணையத்தில் கொட்டுவது அந்த மரபில் வரும் செயல். ஆனால் அதன் பிறகு நடப்பதைப் பாருங்கள். விசாரணைக் குழு முன் அவர் நிமிர்ந்து நின்று, எங்களைச் சிறையில் போட மாட்டீர்கள், எங்கள் தேவை உங்களுக்கு இருக்கிறது என்ற பொருளில் பேசிவிட்டு வெளியே நடக்கிறார். திரையரங்கில் விசில் பறந்தது. யாருக்கும் பதில் சொல்லாத அமைப்பைக் கலைத்துவிட்டு, யாருக்கும் பதில் சொல்லாத தனிமனிதர்களைக் கையில் கொடுத்திருக்கிறது படம். நிஜத்தில் ஸ்னோடன் நாடு கடந்து வாழ்கிறார்.

'காண்டர்' படத்தின் முடிவு இப்படி ஆறுதல் தரவில்லை. உண்மையைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன் என்கிறார் நாயகர். அவர்கள் அச்சிடுவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று சி.ஐ.ஏ. அதிகாரி கேட்பதோடு படம் உறைந்துவிடுகிறது. நாம் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு வெளியே வர வேண்டும். 'விண்டர் சோல்ஜர்' படத்தில் மூன்று கப்பல்களும் போட்டோமாக் ஆற்றில் விழுந்து நொறுங்குகின்றன, நாம் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறோம். அந்த நிம்மதி எதில் போய் முடிந்தது என்று பார்க்க 2019-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்' போதும். விண்வெளியிலிருந்து டிரோன்களை ஏவும், எல்லோருடைய கைப்பேசியையும் எட்டிப் பார்க்கும் ஒரு கண்ணாடி, பள்ளி மாணவன் பீட்டருக்கு அன்புப் பரிசாக வந்து சேர்கிறது. சக மாணவன்மேல் அவன் தவறுதலாக டிரோனை ஏவும் காட்சி நகைச்சுவை. ஐந்தே ஆண்டுகளில் அதே இயந்திரம், நல்லவர் கையில் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், சிரிப்புக்குரிய பொருளாகிவிட்டது.

தோழர்களே, அடுத்த முறை ஒரு படமோ ஓர் அமைச்சரோ ஒரு நிறுவனமோ ஆபத்தானவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் தொழில்நுட்பம் என்று சொன்னால், அதை நடத்துகிறவர் நல்லவரா என்று கேட்டு நின்றுவிட வேண்டாம். பட்டியலை எழுதுவது யார், எதை வைத்து? என் பெயர் அதில் இருந்தால் எனக்குச் சொல்வார்களா? நீக்கச் சொல்லி நான் எந்த அலுவலகப் படியேற வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத திட்டத்தை, ஹைட்ரா நடத்தினாலும் சரி, நாம் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் நடத்தினாலும் சரி, எதிர்க்கத்தான் வேண்டும். ஸ்டீவ் ரோஜர்ஸ் அந்த அடித்தளத்தில் முதலில் சொன்னதும் அதைத்தான். படம் பாதியில் மறந்துவிட்டது. நாம் மறக்க வேண்டியதில்லை.